மேல்வீட்டு என்.சி., கீழ்வீட்டு என்.சி.

காலை ஏழு நாற்பது. பால் பாக்கெட்டோடு பார்க்கிங் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு கோடு. வெள்ளைக் கார் ஒன்றின் இடது பக்கத்தில், முன் கதவின் நடுவில் தொடங்கி, பின் சக்கரத்துக்கு மேலிருக்கும் வளைவு வரை போயிருந்தது. தொடங்கிய இடத்தில் ஆழமாக இருந்தது. போகப் போக மெலிந்து, கடைசியில் பென்சில் கோடு மாதிரி முடிந்திருந்தது.

காரின் சொந்தக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். முதல் மாடிக்காரர். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், புனேயின் கராடியில் ஐ.டி. வேலை. கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிவிட்டு விரலைப் பார்த்தார். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

காருக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள சந்தில் ஒரு கறுப்பு ஸ்கூட்டர் நின்றது. தரைத்தளத்து வீட்டுப் பெண்ணுடையது. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து ஏழு மணி வாக்கில் வந்து, வண்டியை அந்தச் சந்தில் சொருகிவிட்டுப் போய்த் தூங்குவாள். ஸ்கூட்டரின் கைப்பிடியும் காரின் கோடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மேடமுங்க, நீங்க கோர்ட்டு நியூஸெல்லாம் எழுதுனவங்க. இதுக்கு என்ன பண்றதுங்க?" என்றார்.

இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள் என்றேன். நன்றி சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும், மரியாதை கூடும். அன்றைக்கு நன்றியை இரண்டு முறை சொன்னார்.

கோந்த்வாவில் உள்ள அந்தக் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. முதல் மாடிக்காரர், நான் அக்கா என்று கூப்பிடும் அந்த நர்ஸ் பெண்ணின் அம்மா, நாங்கள். நான் சென்னையில் ஒரு பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி சேகரித்து, பிறகு டெஸ்க்கில் உட்கார்ந்தவள். கணவரின் மாற்றலோடு புனே வந்தபின் வீட்டிலிருந்தே சட்ட ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். சொசைட்டியில் என் பெயர் பேப்பர் மேடம். வாடகை ஒப்பந்தம், மின்வாரியக் கடிதம், சொசைட்டி செயலாளரின் மிரட்டல் எல்லாம் என்னிடம்தான் வரும். நான் வக்கீல் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அன்று மதியம் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. புறக்காவல் நிலையமான போலீஸ் சௌக்கியின் முத்திரை போட்ட, என்.சி. என்று தலைப்பிட்ட ஒரு தாள். புகார் செய்தவர் முதல் மாடிக்காரர். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் கீழ்வீட்டுப் பெண்ணின் பெயர். வாகனத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. குழுவில் ஒருவர் கைகூப்பினார். இன்னொருவர் கட்டைவிரலைக் காட்டினார். எதை ஆமோதித்தார் என்று தெரியவில்லை. செயலாளர் அதற்குக் கீழே, மறுநாள் தண்ணீர் டேங்கர் தாமதமாக வரும் என்று எழுதினார்.

சிறிது நேரத்தில் அக்கா வந்துவிட்டார்.

அக்கா புனேயிலேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பூர்விகம் ஆம்பூர்ப் பக்கம். அக்காவின் கணவர் கடக்வாஸ்லா பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். அக்காவுக்கு என்னைவிட நன்றாக மராத்தி வரும். காய்கறிக்காரரிடம் மராத்தி, வாட்ச்மேனிடம் இந்தி, கடவுளிடமும் என்னிடமும் தமிழ். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

"பாஸ்போர்ட் கயா மேடம், போச்சு" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய மகளுக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மொழிப் பரீட்சையை முடித்துவிட்டாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் எண்ணை அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். சரிபார்ப்பும் அதே போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் வரும். அந்த ஸ்டேஷனுக்குக் கீழே இருப்பதுதான் இந்தச் சௌக்கி.

நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்.சி. என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வகையில் போலீஸ் தானே இறங்கி விசாரிக்கலாம், கைது செய்யலாம். இன்னொரு வகையில் சொன்னதை எழுதிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லி அனுப்பலாம், அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவே கூடாது. இரண்டாவது வகைப் புகாருக்குத்தான் என்.சி. என்று பெயர். அது வழக்கு இல்லை. அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஊரில் பாதிப் பேர் இதை வாங்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

அக்கா முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்:

"எழுதிகினாங்க இல்ல? எழுதிகினா தெரிஞ்சிட்ச்சி. தெரிஞ்சிகினு சும்மா விடுவாங்களா, இன்னா மேடம் நீங்க?"

என்.சி.யின் விரிவு நான்-காக்னிசபிள்; அதற்குள் இருக்கும் ஆங்கிலச் சொல் காக்னிசன்ஸ். வேலைக்காலத்தில் அதை எத்தனையோ முறை தமிழாக்கியிருக்கிறேன். உயர் நீதிமன்றம் ஒரு செய்தியைப் பார்த்துத் தானே வழக்கு எடுத்தால், "தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது" என்று எழுதுவோம். அது தலைப்பில் அடங்காது. ஒருமுறை சுருக்கமாக "அறிந்தது" என்று போட்டேன். செய்தி ஆசிரியர் அடித்துவிட்டார். நீதிபதி காலையில் காபியோடு நம் பேப்பரைப் படித்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் பத்தரை மணிக்கு ஆசனத்தில் உட்கார்ந்து கோப்பில் ஏற்றும்வரை நீதிமன்றத்துக்குத் தெரியாது என்றார். அவர் சொன்னது சரி. அன்றைய தலைப்பு இரண்டு வரியாகப் போனது.

அகராதிகளில் அந்தச் சொல்லின் பழைய கதை இருக்கிறது. லத்தீனில் தெரிந்துகொள்வது என்ற வினையிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நடுவில் இருந்த ஜி என்ற எழுத்து உதிர்ந்தது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் பிரெஞ்சு பேசிய காலத்தில் அந்த உருவத்திலேயே உள்ளே வந்தது. பிற்பாடு படித்தவர்கள் லத்தீன் தெரியும் என்று காட்ட உதிர்ந்த எழுத்தை மறுபடி ஒட்டினார்கள். வக்கீல்கள் அதற்கப்புறமும் வெகுகாலம் அதை உச்சரிக்கவில்லை. ஒரு பிரபுவின் ஆட்கள் சட்டைக் கையில் தைத்துக்கொண்ட சின்னத்துக்கும் இதே பெயர். பார்த்ததும் யாருடைய ஆள் என்று தெரிய வேண்டும். தன் ஆட்கள்மேல் வரும் வழக்கை வெளியே விடாமல் தன் மன்றத்திலேயே விசாரிக்க அந்தப் பிரபுவுக்கு இருந்த உரிமைக்கும் இதே பெயர். என்ன தெரியும் என்பதைவிட, தெரிந்துகொள்ளும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் அந்தச் சொல்லுக்கு அக்கறை இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தோடு அது இந்தியா வந்து, குற்றங்களைப் பங்குபோட்டது. மராத்தியில் அதற்குத் தகல், அதாவது தலையிடுவது, என்ற சொல்லை வைத்தார்கள். ஒரு வகை தகல்பாத்ர, மற்றது அதகல்பாத்ர. பாரசீக வழியாக வந்த அந்தத் தகலும், நாம் மனு தாக்கல் செய்கிறோமே, அந்தத் தாக்கலும் ஒரே குடும்பம். தமிழில் நாங்கள் எழுதிவந்தது வேறு: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். அதில் கைது இருக்கிறது, பிடியாணை இருக்கிறது. தெரிந்துகொள்வது எங்குமே இல்லை.

இதில் ஒன்றையும் அக்காவிடம் சொல்லவில்லை. போலீஸுக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சென்னைப் பத்திரிகைகளின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு கொஞ்சம் குறைந்தது தெரிந்தது.

அவரிடம் வேறு சட்டம் இருந்தது. தாபோடியில் அவர்கள் இருந்த லைன் வீடுகளில், ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின்மேல் சௌக்கியில் எழுதிவைத்தால், அந்த இன்னொரு குடும்பமும் அன்று விளக்கு வைப்பதற்குள் போய் எழுதிவைத்துவிட வேண்டும். எழுதாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். எழுதிவிட்டால் இரண்டும் கழிந்துபோகும். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பதைப் போல அங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை அது. தன் அம்மா அப்படி எத்தனையோ முறை போய் வந்ததாகவும், குடும்பத்தில் ஒருவருக்கும் வேலை போகவில்லை என்றும் சொன்னார்.

"அவன் ஒண்ணு போட்டா நாமளும் ஒண்ணு போடணும். ரெண்டும் கட் ஆயிடும். ஏக்தம் கிளீன்."

கழியாது என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். மகளிடம் என்ன நடந்தது என்று கேட்டீர்களா என்று படியிறங்கும்போது கேட்டேன். தூங்குகிறாள் என்றார். எழுந்தபிறகும் கேட்கப் போவதில்லை என்றார். "நான் எதுவும் கேக்கல, நீ எதுவும் சொல்லாத, வாயத் தொறந்தா கேஸ் ஆயிடும்னு சொல்லிடுவேன்" என்றார்.

சௌக்கி இரண்டு அறைகள் கொண்ட கட்டடம். ஹவல்தார் ஒருவர் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அக்கா மராத்தியில் தன் புகாரைச் சொன்னார்: முதல் மாடிக்காரர் தன்னைக் கேவலமாகத் திட்டினார். ஹவல்தார் பேனாவை எடுத்துக்கொண்டு, என்ன வார்த்தை சொல்லித் திட்டினார், அப்படியே சொல்லுங்கள் என்றார். அக்கா யோசித்தார். காலையில் படிக்கட்டில் இருவருக்கும் பேச்சு நடந்தது உண்மை. ஆனால் முதல் மாடிக்காரர் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ங்க சேர்த்துத்தான் சொல்வார். உங்க பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா அதை மராத்தியில் சொன்னார். ஹவல்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது திட்டு இல்லை, கேள்வி என்றார்.

வேறென்ன சொன்னார் என்று கேட்டார். பார்த்துக்கலாமுங்க என்று சொல்லிவிட்டுப் போனார் என்றார் அக்கா. அதை அவர் மராத்தியில் சொன்ன விதத்தில் அது, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆகிவிட்டது. ஹவல்தாருக்கு அந்த வாக்கியம் பழக்கமானது போலிருந்தது. மிரட்டல் என்று எழுதினார். அக்கா கையெழுத்துப் போட்டார். சாட்சி இருக்கிறதா என்று ஹவல்தார் என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டில் இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா அந்தத் தாளைப் படம் எடுத்து சொசைட்டிக் குழுவில் போட்டார். அவரும் எதுவும் எழுதவில்லை. கட்டைவிரல் காட்டியவர் மறுபடியும் கட்டைவிரல் காட்டினார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அமைதியாகப் போயின. அக்கா நிம்மதியாக இருந்தார். என் வீட்டுக்கு வரும்போது லிஃப்டில் முதல் மாடிக்காரரைப் பார்த்தால் மேலே ஓடும் எண்ணைப் பார்த்தார். அவர் கீழே தன் ஷூவைப் பார்த்தார். பெண் வழக்கம்போலக் காலையில் வந்தாள், தூங்கினாள், சாயங்காலம் கிளம்பினாள். ஸ்கூட்டரை மட்டும் இப்போது வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்தினாள்.

பிறகு சௌக்கியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போன் வந்தது.

ஒரே கட்டடத்தில், ஒரே நாளில், ஒருவர்மேல் ஒருவர் இரண்டு புகார். இது அமைதி கெடக்கூடிய இடம் என்று சப் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றினால், குற்றம் நடந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரு தரப்பையும் உதவி கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்பி, ஒழுங்காக இருப்போம் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். இங்கே அதை சாப்டர் கேஸ் என்பார்கள். அந்தப் பிணைக்கு ஆங்கிலத்தில் ரெகாக்னிசன்ஸ் என்று ஒரு பழைய பெயர் உண்டு. முதல் சொல்லின் உடன்பிறப்பு. திங்கட்கிழமை தாள்கள் போய்விடும், அதற்குமுன் நேரில் வந்து ஏதாவது சொல்வதானால் சொல்லலாம் என்றார்கள்.

தாளில் யார் பெயர் என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர் பெயர், முதல் மாடிக்காரர் பெயர், மகளின் பெயர்.

இரண்டும் கழியவில்லை. கூடிவிட்டன. வெறும் என்.சி. எழுதப்பட்டுக் கிடக்கும், அதைப் பார்த்து ஒருவரும் பாஸ்போர்ட்டை நிறுத்துவதில்லை. ஆனால் நடவடிக்கை நிலுவையில் என்று ஒரு வரி இருந்தால், சரிபார்ப்புக்கு வரும் கான்ஸ்டபிள் அதை எழுதியாக வேண்டும். அதன்பின் அது தீர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா இம்முறை நான் சொன்னதை நம்பினார். கெட்ட செய்தி என்பதால் நம்பியிருக்கலாம்.

"நான்தான் கெடுத்தேனா மேடம்?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முதல் மாடிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஒரு போன் வந்திருந்தது. அதே ஸ்டேஷன், ஆனால் வேறு மேஜை. பாஸ்போர்ட் பிரிவு. உங்கள் கட்டடத்தில் இந்தப் பெயரில் ஒரு பெண் இருக்கிறாரா, விண்ணப்பத்தில் உங்கள் பெயரை அத்தாட்சிக்குக் கொடுத்திருக்கிறார், நடத்தை எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அக்கம்பக்கத்தில் வசிக்கும் இருவர் பெயரைக் கொடுக்க வேண்டும். சண்டை வருவதற்கு வெகு முன்னால் நிரப்பியது. ஒன்று நான். மற்றது, நம்ம பாஷைக்காரர், பெரிய கம்பெனி, போலீஸ் கேட்டால் மரியாதையாகப் பேசுவார் என்று அக்கா தேர்ந்தெடுத்தவர். பெயர் கொடுப்பதைப் பற்றி அவரிடம் அப்போதே சொல்லி, சம்மதமும் வாங்கியிருக்கிறார்கள். அவர் மறந்துவிட்டார்.

"நானே புகார் கொடுத்துப்போட்டு, நானே நல்ல புள்ளைன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன், நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஸ்டேஷனில், சௌக்கிப் புகார்கள் வந்து சேரும் ஒரு மேஜைக்கு அந்தப் பெண் எதிர்த்தரப்பு. அடுத்த மேஜைக்கு அவள் விண்ணப்பதாரர். இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேன் இருக்கிறது. நான் பிற்பாடு பார்த்தேன்.

சனிக்கிழமை காலை எல்லோரும் சௌக்கிக்குப் போனோம். அக்கா, அவர் மகள், முதல் மாடிக்காரர், நான். பெண் இரவுப் பணியிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். நீல யூனிஃபார்மின் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சப் இன்ஸ்பெக்டர் இளைஞர். முன்னால் இரண்டு என்.சி.யையும் அருகருகே வைத்து, வினாத்தாள் திருத்துகிறவரைப் போலப் படித்தார். முதலில் முதல் மாடிக்காரரைக் கேட்டார். அவர் இந்தியில், கார் வாங்கி அதிக நாள் ஆகவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். பிறகு அக்கா. அவர் மராத்தியில், அவமானம் என்ற சொல்லைப் பல இடங்களில் வைத்துப் பேசினார். அமைதி கெடப்போகிறது என்று சப் இன்ஸ்பெக்டர் எழுதியதில் தவறில்லை என்று தோன்றும்படி அது இருந்தது.

பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கியது. அம்மாவின் பேச்சு கொஞ்சம் நின்ற இடத்தில், சப் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் முதல் மாடிக்காரரைப் பார்த்துப் பேசினாள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தாலும் அவளுக்கு அது தயங்கித்தான் வரும்.

"அங்கிள், என்னாலதான் ஆச்சு."

அக்கா அவள் கையைப் பிடித்தார். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தவும் இல்லை.

"டபுள் ட்யூட்டி பண்ணிட்டு வந்தேன். நீந்த்… தூக்கத்துல இருந்தேன். வண்டி உள்ள போடறப்போ ஹேண்டில் டச் ஆயிருக்கு. அப்போ எனக்கு தெரியல. சத்தியமா தெரியல. சாயந்திரம் வண்டி எடுக்க வந்தா, பிரேக் முனையில வெள்ளை பெயிண்ட் இருந்துச்சு. அப்போதான் தெரிஞ்சுது."

முதல் மாடிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு குரல் உயர்ந்தது. அவருக்குக் கோபம் போய்விட்டது என்பது எனக்கு அதனால் தெரிந்தது.

"ஏன் கண்ணு, அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோ?"

"அம்மா வாயத் தொறக்காதன்னாங்க. நீங்க கேக்கல அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் புரியாது. என்ன சொன்னாள் என்று கேட்டார். அக்கா வாய் திறக்கவில்லை. நான் என் மராத்தியில் சொன்னேன்: தூக்கக் கலக்கத்தில் இடித்திருக்கிறாள், இடித்தது அப்போது அவளுக்குத் தெரியாது. சப் இன்ஸ்பெக்டர் முதல் என்.சி.யை எடுத்து, வேண்டுமென்றே என்ற சொல்லின் கீழ் விரலை வைத்து, இதை யார் சொன்னது என்று கேட்டார். நான்தானுங்க என்று முதல் மாடிக்காரர் தமிழிலேயே சொல்லிவிட்டார். அது சப் இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது.

அடுத்து, மிரட்டல் என்று எழுதியிருந்ததை அக்காவிடம் கேட்டார். அக்கா, அவர் பேசும் விதமே அப்படித்தான், இப்போதுதான் தெரிந்தது என்றார். எப்போது தெரிந்தது என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில், எங்களுக்குள் இப்போது எந்தத் தகராறும் இல்லை, மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று மராத்தியில் எழுதச் சொன்னார். முதல் மாடிக்காரருக்கு மராத்தி எழுத வராது. அக்கா எழுதினார். வரிகளை நேராக எழுதி, எதிர்த்தரப்பு என்ற இடத்தில் அவர் பெயரின் முன்னால் ஸ்ரீ சேர்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாப்டர் கேஸ் தாள்கள் அனுப்பப்படாது என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். என்.சி.க்கள் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். எழுதியது எழுதியதுதான், அடிக்க முடியாது, அப்படியே இருக்கும் என்றார். அப்படியானால் யாராவது பார்த்தால் என்று அக்கா ஆரம்பித்தார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். பாஸ்போர்ட் பிரிவின் கான்ஸ்டபிள் முதல் மாடிக்காரரை உட்காரச் சொல்லி, அந்தப் பெண்ணை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டார். நான்கு வருடம் என்றார். நடத்தை? நல்ல பெண் என்றார். அவர்மேல் ஏதாவது புகார் உண்டா என்று கான்ஸ்டபிள் கேட்டார். முதல் மாடிக்காரர் தண்ணீர்க் கேனுக்கு அந்தப் பக்கம் இருந்த மேஜையைப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். கையெழுத்துப் போட்டார். அடுத்து நான் போட்டேன். கான்ஸ்டபிள் இரண்டையும் ஒரு டேகில் கோத்து, மேலே ஒரு சொல் எழுதினார். கிளியர்.

வெளியே வந்ததும் பெண்ணுக்கு டீ வேண்டுமா என்று முதல் மாடிக்காரர் கேட்டார். தூங்க வேண்டும் என்றாள். ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், கூட வா என்றார். காரில் பின் சீட்டில் உட்கார்ந்தவள் சிக்னலுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். முன் சீட்டில் அக்கா. ஸ்கூட்டரை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அக்கா வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று முதல் மாடிக்காரர் பிறகு சொன்னார். இறங்கும்போது மட்டும், ஏசி நல்லாருக்கு என்றாராம்.

மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மதியம் பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்தது. பெண் அந்த வாரம் பகல் பணியில், ஆஸ்பத்திரியில் இருந்தாள். பல வருடமாக எங்கள் கட்டடத்துக்குத் தபால் கொண்டுவருபவர்தான் வந்தார். யார் பெயருக்கு வந்திருக்கிறதோ அவரிடம்தான் கொடுக்க முடியும் என்றார். நான் அவ அம்மா, உங்களுக்குத் தெரியாதா என்று அக்கா மராத்தியில் கேட்டார். தெரியும் என்றார் அவர். உறையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவள் விடுப்பு எடுத்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.